வாசகர் கேள்வி – பதில்: கனரக லாரியின் ஷாக் அப்சார்பர்

லாரிகளின் ஷாக் அப்சார்பரைத் தேர்ந்தெடுப்பது, பொருத்துவது பற்றி வந்திருந்த கேள்விகளில் ஒரே பொருளைத் தொட்டவற்றை ஒன்றாக்கி, இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் விடையளிக்கிறோம்.

கேள்வி: முழு பாரம் ஏற்றியதும் எங்கள் லாரியின் பின்பக்கம் மிகவும் தணிந்துவிடுகிறது. இன்னும் பலமான ஷாக் அப்சார்பர் போட்டால் நிமிர்ந்துவிடுமா?

நிமிராது. வண்டியின் எடையைத் தாங்குவது பட்டை ஸ்பிரிங் அல்லது காற்றுப்பை. ஷாக் அப்சார்பருக்கு அந்த வேலை இல்லை. ஸ்பிரிங் அமுங்கி எழும்போது அதில் சேரும் ஆற்றலை, எண்ணெயைச் சிறிய வால்வுத் துளைகளின் வழியே நெருக்கித் தள்ளுவதன் மூலம் வெப்பமாக்கி வெளியேற்றுவதுதான் அதன் வேலை. அசைவு இருந்தால்தான் எதிர்ப்பு உண்டாகும் என்பதால், நின்றுகொண்டிருக்கும் லாரியை அது தூக்கிப் பிடிப்பதில்லை. வாயு அடைத்த வகை கொடுக்கும் மிகச் சிறிய தள்ளுவிசை பல டன் பாரத்துக்கு முன்னால் கணக்கில் வராது.

உங்கள் வண்டி தணிவதற்குக் காரணத்தை வளைவு இழந்த பட்டைகளிலோ, முறிந்த ஒரு பட்டையிலோ, காற்றுப்பை வண்டியாக இருந்தால், பையின் காற்றைக் கூட்டிக் குறைத்து உயரத்தைச் சீராக வைக்கும் லெவலிங் வால்விலோ தேட வேண்டும். அனுமதித்த அளவுக்கு மேல் பாரம் ஏற்றப்படுகிறதா என்பதையும் மறைக்காமல் பார்க்க வேண்டும். இவற்றை விட்டுவிட்டு அளவுக்கு மீறிக் கடினமான ஷாக் அப்சார்பரைப் போட்டால் நன்மைக்குப் பதில் தீமையே விளையும். பெரும்பாலான ஷாக் அப்சார்பர்கள் சுருங்கும்போது காட்டும் எதிர்ப்பைவிட விரியும்போது இரண்டு மூன்று மடங்கு அதிக எதிர்ப்பைக் காட்டும்படி அமைக்கப்படுகின்றன. இந்த விரிவு எதிர்ப்பு எல்லை மீறினால், அடுத்தடுத்து மேடுகள் வரும் கரடுமுரடான சாலையில், ஒரு மேட்டில் அமுங்கிய ஸ்பிரிங் பழைய நிலைக்கு எழுவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். அமுக்கத்தின் மேல் அமுக்கம் சேர்ந்து, அச்சு இடிதடுப்பு ரப்பரிலேயே போய் உட்கார்ந்துவிடும். வண்டி இன்னும் தணிந்து ஓடுவதோடு, ஷாக் அப்சார்பரைத் தாங்கும் பிராக்கெட்டும் விரிசல் விடும்.

கேள்வி: பழைய ஷாக் அப்சார்பரில் எண் அழிந்துவிட்டது. வண்டியில் இருப்பதும் சரியான அளவுதானா என்று தெரியவில்லை. புதியதை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுப்பது?

முதல் வழி, வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் பாகப் பட்டியலில் தேடுவதுதான். வண்டியில் இப்போது இருப்பதை மாதிரியாகக் கொண்டுபோய் "இதேபோல் ஒன்று" என்று கேட்பது ஆபத்தானது. முன்பு மாற்றியவர் கிடைத்ததைப் போட்டிருந்தால் அந்தத் தவறே தொடரும். பட்டியல் கிடைக்காவிட்டாலோ, ஸ்பிரிங் அமைப்பே மாற்றப்பட்டிருந்தாலோ அளந்துதான் ஆக வேண்டும்.

அளக்க வேண்டியவை மூன்று நீளங்கள்: வண்டி இயல்பான உயரத்தில் நிற்கும்போது மேல் போல்ட்டின் மையத்துக்கும் கீழ் போல்ட்டின் மையத்துக்கும் இடையிலுள்ள தூரம், அச்சு மேலே முழுவதும் ஏறும்போது அந்தத் தூரம் எவ்வளவு குறையும் என்பது, அச்சு கீழே முழுவதும் தொங்கும்போது அது எவ்வளவு கூடும் என்பது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். சமதரையில் இயல்பான உயரத்தில் மையத்துக்கு மையம் 600 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இடிதடுப்பு ரப்பருக்கும் அது மோதும் இடத்துக்கும் நடுவே 50 மி.மீ. இடைவெளி, ரப்பரின் உயரம் 50 மி.மீ. என்றால், பலமான குழியில் ரப்பரும் பாதியளவு நசுங்கும் என்று எடுத்துக்கொண்டு, மேல்நோக்கிய அசைவை 75 மி.மீ. என்று கணக்கிட வேண்டும். ரப்பர் நசுங்குவதைச் சேர்க்காமல் விடுவதுதான் பலரும் தடுக்கி விழும் இடம். சேசிஸைத் தூக்கி அச்சைத் தொங்கவிட்டால் 90 மி.மீ. இறங்குகிறது என்றால், போல்ட்டுகளுக்கு இடைப்பட்ட தூரம் 525 முதல் 690 மி.மீ. வரை மாறும். இரு முனைகளிலும் ஏறக்குறைய 25 மி.மீ. தாராளம் வைத்தால், முழுவதும் சுருங்கிய நிலையில் 500 மி.மீ.க்கு மேல் போகாத, பட்டை ஸ்பிரிங் வண்டியாக இருந்தால் விரிந்த நிலையில் 715 மி.மீ.க்குக் குறையாத ஷாக் அப்சார்பர் வேண்டும்.

சுருங்கிய நீளம் அதிகமாக இருந்தால், இடிதடுப்பு ரப்பர் தாங்க வேண்டிய மோதலை ஷாக் அப்சார்பரே தாங்க நேரும். பிஸ்டன் அடிவால்வில் இடித்து, ஒன்று அது உடையும் அல்லது பிராக்கெட் உடையும். விரிந்த நீளம் குறைவாக இருந்தால், ஒவ்வொரு பள்ளத்திலும் அச்சின் முழு எடையும் பிஸ்டன் ராடில் தொங்கும்.

காற்றுப்பை வண்டிகளில் விரிந்த நீளத்துக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. பல அமைப்புகளில் அச்சு கீழே இறங்கும் எல்லையைத் தீர்மானிப்பதே ஷாக் அப்சார்பர்தான். தேவைக்கு மேல் நீளமானதைப் போட்டால், காற்றுப்பை தன் எல்லையைத் தாண்டி இழுபட்டு, தன் அடியிலுள்ள பிஸ்டனிலிருந்து பிடுங்கிக்கொள்ளும் அல்லது கிழியும். ஆகவே அங்கே "கொஞ்சம் நீளமாக இருந்தால் பாதகமில்லை" என்ற பேச்சுக்கே இடமில்லை. தயாரிப்பாளர் குறித்த நீளம்தான் நீளம். அளப்பதற்கு முன் லெவலிங் வால்வு வண்டியைச் சரியான உயரத்தில் நிறுத்துகிறதா என்றும் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் எடுத்த அளவுகள் அனைத்தும் வீண்.

நீளம் முடிவான பிறகுதான் விசையைப் பற்றிப் பேச வேண்டும். தயாரிப்பாளரின் விவரத்தாளில், பிஸ்டன் நொடிக்கு ஏறத்தாழ 0.5 மீட்டர் போன்ற ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அசையும்போது விரிவிலும் சுருக்கத்திலும் எத்தனை நியூட்டன் எதிர்ப்பு என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். இரண்டு ஷாக் அப்சார்பர்களை ஒப்பிடும்போது ஒரே வேகத்துக்கான எண்களைத்தான் ஒப்பிட வேண்டும். பெயருக்கு முன்னால் "ஹெவி டியூட்டி" என்று அச்சிட்டிருப்பதால் ஒன்றும் தெரியாது. உள்ளே பிஸ்டனின் விட்டம் எவ்வளவு என்று கேளுங்கள். 35 மி.மீ. பிஸ்டனுக்குப் பதில் 41 மி.மீ. என்றால் பரப்பு சுமார் 1.4 மடங்காகிறது, அதே எதிர்ப்பைக் குறைந்த எண்ணெய் அழுத்தத்தில் கொடுக்க முடிவதால் சீலும் வால்வும் நீண்ட காலம் உழைக்கும்.

ஷாக் அப்சார்பர் எவ்வளவு சாய்வாக நிற்கிறது என்பதும் இதில் சேரும். செங்குத்தாக நிற்கும்போது கிடைக்கும் பயன், 30 டிகிரி சாய்த்தால் முக்கால் பங்காகவும், 45 டிகிரி சாய்த்தால் பாதியாகவும் குறைந்துவிடும். அச்சின் வேகத்தில் ஒரு பகுதிதான் பிஸ்டனுக்குப் போகிறது, பிஸ்டன் காட்டும் எதிர்ப்பிலும் ஒரு பகுதிதான் அச்சுக்குத் திரும்புகிறது என்பதால் இழப்பு இரண்டு முறை நேர்கிறது. பட்டறையில் இடவசதிக்காக பிராக்கெட்டைச் சற்று உள்ளே தள்ளி வெல்டு வைப்பவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

கேள்வி: பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே போதும், பின்னச்சுக்கு ஷாக் அப்சார்பர் தேவையில்லை என்கிறார் எங்கள் மெக்கானிக். கழற்றிவிடலாமா?

அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பல பட்டைகளை அடுக்கிய பழைய வகை ஸ்பிரிங்கில் உரசலே ஓரளவுக்கு ஆட்டத்தை அடக்கும். அதனால்தான் சில கனரக லாரிகளுக்கு ஆலையிலிருந்து வரும்போதே பின்பக்கம் ஷாக் அப்சார்பர் இருப்பதில்லை. ஆனால் ஆலையில் பொருத்தப்பட்டு வந்ததைக் கழற்றுவது வேறு விஷயம். நடுவிலும் முனைகளிலும் மட்டும் தொட்டுக்கொள்ளும் பாரபோலிக் பட்டைகளில் உரசல் மிகவும் குறைவு. காற்றுப்பையிலோ அது இல்லை என்றே சொல்லிவிடலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1996ஆம் ஆண்டின் 96/53 எண்ணுள்ள நெறிமுறை, ஒரு சஸ்பென்ஷனைக் காற்றுப்பைக்கு நிகரானது என்று ஏற்பதற்குச் சில நிபந்தனைகளை வைக்கிறது. ஓட்டும் அச்சின் மேலுள்ள பாரம் தானாக ஆடும் வேகம் நொடிக்கு 2 முறைக்கு மேல் போகக்கூடாது. ஷாக் அப்சார்பர்களோடு சோதித்தால் ஆட்டத்தை அடக்கும் திறன், ஆட்டமே எழாமல் தடுப்பதற்குத் தேவையான அளவில் 20 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டும். அவற்றைக் கழற்றிவிட்டுச் சோதித்தால் அந்தத் திறன் பாதிக்கு மேல் மிஞ்சக்கூடாது. கடைசி நிபந்தனை விசித்திரமாகத் தோன்றலாம். ஆட்டத்தை அடக்கும் வேலையில் பெரும்பகுதி உரசலிடம் இல்லாமல் ஷாக் அப்சார்பரிடமே இருக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். உரசல் சிறு அதிர்வுகளில் இறுகிக்கொண்டு, வண்டியை ஸ்பிரிங்கே இல்லாததுபோல் குலுக்கும். பெரிய ஆட்டம் வரும்போதோ அது போதாது.

கேள்வி: ஷாக் அப்சார்பரின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறது. மாற்றிவிட வேண்டுமா? கெட்டுவிட்டதை எப்படி உறுதி செய்வது?

பிசுக்கு வேறு, ஒழுக்கு வேறு. பிஸ்டன் ராடு ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றைக் கொண்டுவரும். சீல் உலராமலிருக்க அது தேவையும்கூட. மேல் பகுதியில் அந்தப் படலத்தில் தூசி ஒட்டி, காய்ந்த கறைபோல் தெரிந்தால் அதற்காக மாற்ற வேண்டியதில்லை. எண்ணெய் ஈரமாக வழிந்து கீழ்க்கண் (கீழ் போல்ட் நுழையும் வளையம்) வரை கோடிட்டிருந்தாலோ, துடைத்துவிட்ட பின் சில நாள் ஓட்டத்திலேயே மறுபடியும் வழிந்தாலோ சீல் போய்விட்டது.

காரின் மூலையை அழுத்திப் பார்ப்பதுபோல் கனரக லாரியில் செய்ய முடியாது. எவ்வளவு பேர் ஏறிக் குதித்தாலும் அந்த ஸ்பிரிங் அசையாது. அதற்குப் பதிலாக வெப்பத்தைப் பாருங்கள். பாரத்தோடு, ஓரளவு கரடான சாலையில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டிவிட்டு, சமதரையில் நிறுத்தி, எஞ்ஜினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை போட்ட பின் ஒவ்வொரு ஷாக் அப்சார்பரின் உடலையும் அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து, பக்கத்திலுள்ள சேசிஸின் வெப்பத்தோடு ஒப்பிடுங்கள். வேலை செய்வது சேசிஸைவிடச் சூடாக இருக்கும். செத்துப்போனது சேசிஸைப் போலவே குளிர்ந்திருக்கும். வெப்பமானி இல்லாமல் கையால் தொடுவதென்றால், தொடுவதற்கு முன் உள்ளங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள், தோலைச் சுடும் அளவுக்கு அது சூடேறியிருக்கலாம். சைலன்சர் குழாய்க்கு அருகில் இருப்பது வேலை செய்யாமலேயே சூடாக இருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அந்தப் பக்கத்து அளவை மட்டும் நம்பாதீர்கள். வெறும் வண்டியை வழவழப்பான சாலையில் ஓட்டிவிட்டு வந்து அளந்தால் எல்லாமே குளிர்ந்துதான் தெரியும், அது சோதனையே ஆகாது.

ஒன்று கெட்டிருந்தால் அதே அச்சின் மறுபக்கத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதியதும் பழையதும் ஜோடியாக இருந்தால் ஒரு சக்கரம் அடங்கிய பிறகும் மறு சக்கரம் துள்ளிக்கொண்டிருக்கும்; பிரேக் பிடிக்கும்போது அந்த வேறுபாடு இன்னும் வெளிப்படும்.

கேள்வி: முன் டயர் சுற்றளவில் ஆங்காங்கே கிண்ணம்போல் தேய்கிறது. ஷாக் அப்சார்பர்தான் காரணமா?

காரணமாக இருக்கலாம். அச்சும் சக்கரமும் சேர்ந்து தாமாகத் துள்ளும் வேகம் கனரக வண்டிகளில் நொடிக்கு சுமார் 10 முறை. அதை அடக்க ஆள் இல்லாதபோது டயர் சாலையில் ஒரே சீராக உருளாமல் அழுந்தியும் விலகியும் செல்வதால் திட்டுத் திட்டாகத் தேய்கிறது. ஆனால் சக்கரச் சமநிலை தவறினாலும், ஹப் பேரிங் தளர்ந்தாலும், கிங்பின் (முன்சக்கரம் திரும்புவதற்கான அச்சாணி) தேய்ந்தாலும் இதேபோன்ற தேய்மானம் வரும். மேற்சொன்ன வெப்பச் சோதனையில் ஷாக் அப்சார்பர் தேறிவிட்டால் இவற்றைப் பாருங்கள். ஒருமுறை கிண்ணமிட்ட டயர் அதன் பின் தானும் அதிர்வை உண்டாக்கும் என்பதால், புதிய ஷாக் அப்சார்பர் போட்ட பிறகும் அதே டயரில் ஆட்டம் நீடித்தால் பொருளைக் குறை சொல்லாதீர்கள்.

கேள்வி: புதிதாகப் போட்ட ஷாக் அப்சார்பரின் புஷ் சில வாரங்களிலேயே கிழிந்துவிடுகிறது. பொருத்தும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வியை வைத்துப் பார்த்தால், வண்டியை ஜாக்கியில் தூக்கி, அச்சு தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டுகளை முழுவதும் இறுக்கியிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ் போல்ட்டைச் சுற்றிச் சுழல்வதில்லை. உள்குழாயை போல்ட் இறுகப் பிடித்துக்கொள்ள, நடுவிலுள்ள ரப்பர் முறுக்கிக்கொள்வதன் மூலம்தான் அசைவுக்கு இடம் கொடுக்கிறது. அச்சு தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கிய கணமே ரப்பர் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு, நின்றுகொண்டிருக்கும்போதும் இழுபட்டே இருக்கும். அதன் மேல் ஓட்டத்தின் முறுக்கும் சேர்ந்தால் கிழியாமல் என்ன செய்யும்? போல்ட்டைக் கையளவுக்குப் போட்டு, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, இயல்பான உயரத்துக்கு வந்த பிறகே தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். சாய்வாக நிற்கும் ஷாக் அப்சார்பர்களில் இது இன்னும் முக்கியம், அவற்றின் கண் அதிகமாகத் திரும்பும்.

கண்ணுக்குப் பதில் திருகு முனை உள்ள வகையில் வேறொரு தவறு நடக்கும். வாஷர்களுக்கு நடுவிலுள்ள ரப்பர் வாஷரின் விளிம்பைத் தாண்டிப் பிதுங்கும் வரை நட்டை இறுக்கிவிடுகிறார்கள். ரப்பர் வாஷரின் விட்டத்துக்கு விரிந்ததும் நிறுத்திவிட வேண்டும்; அதற்கு மேல் இறுக்கினால் மெத்தையாக இருக்க வேண்டியது கட்டையாகி, வளைவு முழுவதும் பிஸ்டன் ராடின் கழுத்தில் வந்து விழும்.

இப்போது முறையாகச் செய்வதைத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பியோ, காற்றுப்பையில் உள்ள காற்றை மட்டும் நம்பியோ ஒருபோதும் அடியில் போகக்கூடாது. காற்றுப்பை வண்டியில் ஓர் அச்சின் இரு ஷாக் அப்சார்பர்களையும் கழற்றிவிட்டுச் சேசிஸை உயர்த்தினால் பை பிடுங்கிக்கொள்ளும். சக்கரம் தரையில் இருக்கும்போதே மாற்றுவது நல்லது. பழையதைக் கழற்றியவுடன் பிராக்கெட்டைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள்: போல்ட் துளை நீள்வட்டமாகியிருக்கிறதா, வெல்டு ஓரத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா, மேலும் கீழும் உள்ள இரு துளைகளும் நேராக எதிரெதிரே வருகின்றனவா என்று. இரண்டும் நேராக இல்லாமல் ஷாக் அப்சார்பரைக் கடப்பாரையால் நெம்பி உள்ளே தள்ள வேண்டியிருந்தால், அந்த நெம்பலைப் புஷ்தான் நாள்தோறும் சுமக்கப்போகிறது.

வாயு அடைக்காத இரட்டைக் குழாய் வகை கடையில் படுக்கைவசமாகக் கிடந்திருக்கும். அதனால் வெளிக்குழாயிலுள்ள காற்று உள்குழாய்க்குள் புகுந்திருக்கும். அப்படியே மாட்டினால் தொடக்கத்தில் எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று இருக்கும். நிமிர்த்திப் பிடித்து முழுவதும் விரித்து, தலைகீழாகத் திருப்பி முழுவதும் சுருக்கி, மீண்டும் நிமிர்த்தி விரித்து, இப்படி எதிர்ப்பு முழு நீளத்துக்கும் ஒரே சீராகும் வரை செய்தால் காற்று வெளியேறிவிடும். பெரும்பாலும் 4, 5 முறைக்குள் அது சரியாகிவிடும். வாயு அடைத்த வகை கட்டுப்பட்டையோடு சுருங்கிய நிலையில் வரும். ஒரு முனையை மாட்டிய பிறகே பட்டையை வெட்டுங்கள், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். இரட்டைக் குழாய் வகையில் எண்ணெய் உள்ள தடித்த உடல் கீழேயும் தூசிமறைப்பு மேலேயும் இருக்க வேண்டும். தனிக் குழாய் வகைக்கு அந்தக் கட்டாயம் இல்லையென்றாலும், ராடு எந்தப் பக்கம் என்பதைத் தயாரிப்பாளர் குறித்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ராடைப் பற்றி ஒரு கண்டிப்பு. நட்டை இறுக்கும்போது ராடு சுழல்கிறதென்று அதைப் பிளையராலோ பைப் ரெஞ்சாலோ பிடிக்காதீர்கள். குரோம் பூச்சில் நகம் தட்டும் அளவுக்கு ஒரு கீறல் விழுந்தால் போதும், ஒவ்வொரு அசைவிலும் அது சீலின் உதட்டை அரம்போல் அறுக்கும்; "புதுசே ஒழுகுது" என்று திருப்பிக் கொண்டுவரப்படுவனவற்றில் இப்படிக் கெட்டவையும் உண்டு. முனையில் சாவி பிடிக்கத் தட்டையாகவோ அறுகோணமாகவோ இடம் விட்டிருப்பார்கள், அதைப் பயன்படுத்துங்கள். பக்கத்தில் வெல்டு வைக்க நேர்ந்தால் தீப்பொறி ராடில் தெறிக்காமல் ஈரச்சாக்கால் மூடுங்கள். பாரத்தோடு முதல் ஓட்டம் முடித்து வந்ததும் எல்லா போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கிச் சரிபாருங்கள்.

கேள்வி: நான்கு ஷாக் அப்சார்பர்களையும் மாற்றிவிட்டோம். ஆனாலும் ஓட்டுநர், இருக்கையில் உட்கார முடியவில்லை, குலுக்கல் குறையவே இல்லை என்கிறார்.

கேபினுக்கென்று தனியாக உள்ள சிறிய ஷாக் அப்சார்பர்களையும், கேபின் மவுண்ட் ரப்பர்களையும், இருக்கைக்கு அடியிலுள்ளதையும் பார்த்தீர்களா? சேசிஸ் ஒழுங்காக அடங்கி ஓடினாலும் கேபின் தனியே ஆடிக்கொண்டிருக்கும். வண்டியை மெதுவாக ஒரு வேகத்தடையின் மேல் ஏற்றி இறக்கும்போது வெளியில் நிற்கும் ஒருவர் பார்த்தால், சேசிஸ் நின்ற பிறகும் கேபின் இரண்டு மூன்று முறை தலையாட்டுகிறதா என்பது தெரிந்துவிடும். ஆட்டினால் கேபினில் உள்ளவற்றை மாற்றுங்கள். ஆட்டவில்லையென்றால், முன் டயர்களின் காற்றழுத்தத்தையும் வெறும் வண்டியாக ஓடும் நேரம் எவ்வளவு என்பதையும் ஓட்டுநரிடம் கேளுங்கள். முழு பாரத்துக்கு ஏற்ற ஷாக் அப்சார்பர் வெறும் வண்டியில் கடினமாகத்தான் தெரியும். இதற்காகவே காற்றுப்பையின் அழுத்தத்தை ஒரு சிறு குழாய் வழியே பெற்று, பாரத்துக்கு ஏற்பத் தன் எதிர்ப்பைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வகைகளும் வந்திருக்கின்றன. பாதித் தூரம் வெறுமையாகவே திரும்பும் வண்டிகளுக்கு அவை பொருந்தும். போகும்போதும் வரும்போதும் பாரத்தோடு ஓடுபவர்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை.